வெடிபிட்டியாவின் சிவப்புப் பலகைகள்

“ஆமி போய் ரெண்டு வருஷம் முழுசா ஆகல்ல. இப்ப மிஸ் வந்திருக்கீங்க துவக்கோட. யாரச் சுடப் போறீங்க?”

நூருன்னிஸா கேட்டது வாகினியின் மடியிலிருந்த கருவியைப் பார்த்து. கைப்பிடி, விசை, முன்னால் குட்டையான மூக்கு என்று இருந்த அதைப் பார்ப்பவர்களுக்கு வேறெதுவும் தோன்ற வழியில்லை. மண்ணில் வைத்து விசையை அழுத்தினால் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடும்.

“மண்ணைத்தான் சுடுறது அக்கா. இது எங்கட கந்தோர்ச் சாமானும் இல்லை. பேராதனைக் கம்பசில இருந்து இரவல். ரெண்டு நாளைக்குத்தான் தந்தவை.”

மாத்தளை நகரத்திலுள்ள சுற்றாடல் அலுவலகத்தில் வாகினி மண் பரிசோதகர். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த வேலைக்கு வந்து நான்கு வருடங்கள். அன்று அவள் போக வேண்டியிருந்தது இராணுவம் விட்டுப்போன சுடுதளத்துக்கு. மழை பிடித்துக்கொண்டதால், தளத்துக்கு முந்நூறு யார் தூரம் இப்பால், வஹகோட்டைக்குத் திரும்பும் பாதையோரத்தில் இருந்த நூருன்னிஸாவின் மிளகு நாற்றுமேடையில் ஒதுங்கியிருந்தாள். பச்சை நிழல்வலையின் கீழ் கறுப்புப் பொலித்தீன் பைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று இலையோ நான்கு இலையோ விட்ட மிளகுக் கொடி. பதினோராயிரம் என்றார் நூருன்னிஸா. போன கிழமை இரண்டாயிரம் ரத்தோட்டைப் பக்கம் போய்விட்டதாம், ரிவர்ஸ்டன் ஏறும் வழியிலுள்ள தோட்டக்காரர்களுக்கு.

மேடையின் கோடியில் நூருன்னிஸாவின் மகள் நப்லா ஒரு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு. கணவன் கட்டாரில். வெறுங்கையால் மண்ணை அள்ளி, பையை நிலத்தில் இரண்டு தட்டுத் தட்டி, வரிசையில் வைத்தாள்.

“எங்க, ஒரு வெடி வெச்சுக் காட்டுங்களேன் பாப்போம்,” என்றார் நூருன்னிஸா.

வாகினி விளையாட்டாகத்தான் பக்கத்திலிருந்த ஒரு பையை இழுத்து, கருவியின் மூக்கை மண்ணில் வைத்து அழுத்தினாள். திரையில் பட்டியல் ஓடி நின்றது. ஈயத்துக்கு நேரே, கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில், ஆறாயிரத்து நூற்று நாற்பது.

கருவி பழுது என்று நினைத்தாள். இரவல் சாமான், யார் யார் கையிலோ பட்டுவந்தது. மழையில் இறங்கிப்போய்ப் பாதையோரத்து மண்ணில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்று. திரும்பி வந்து வேறொரு பை. ஐயாயிரத்து எண்ணூறு. இன்னொன்று. அதுவும் ஆறாயிரத்துக்கு மேல். ஆட்கள் குடியிருக்கும் இடத்தில் நானூறு தாண்டக்கூடாது என்பதுதான் அவர்கள் அலுவலகம் வைத்திருந்த எல்லை.

“நல்ல நம்பரா மிஸ்?”

“இந்த மண் எங்கையிருந்து எடுத்தனீங்கள்?”

“வெடிபிட்டியா கேட்டுக்குப் பக்கத்துல குமிச்சு வெச்சிருந்தாங்களே, அதுதான். சாலிஹ் நானாட ட்ரக்டர்ல நாலு லோட் எடுத்தோம்.” நூருன்னிஸாவின் குரலில் பெருமை இருந்தது. “என்ன மண் மிஸ் அது! ஒரு கல்லு இல்ல, ஒரு வேரு இல்ல. மா அரிச்ச மாதிரி. இப்பிடி மண்ணுக்கு நாங்க வழமையா எவ்வளவு பாடுபடுவோம் தெரியுமா? அதுவும் டொலமைட் வேற கலந்தே வெச்சிருந்தாங்க. பாருங்க, வெள்ள வெள்ளயா.”

விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்து நீட்டினார். வெள்ளையாகத்தான் இருந்தது. மாத்தளை மண் புளிப்பு மண். மிளகு வைக்கிறவர்கள் எல்லோரும் டொலமைட் சுண்ணாம்பு போடுவார்கள். அந்த வெள்ளையைக் கண்டால் இந்தப் பக்கத்து விவசாயி எவருக்கும் வேறு எண்ணம் வராது. முப்பது வருட மழையில் ஈயக் குண்டு அரித்துப் பூத்தாலும் இதே வெள்ளைதான்.

“அக்கா, கையைக் கழுவுங்கோ,” என்றாள் வாகினி. “நப்லா, அதை வையுங்கோ. எழும்பி வாங்கோ. இப்பவே வாங்கோ.”

நப்லா தாயைப் பார்த்தாள். நூருன்னிஸா எழும்பவில்லை.

“என்ன மிஸ்? பலகையத்தான் கழட்டிட்டாங்களே. கழட்டின பொறகுதானே நாங்க உள்ள போனோம். நீங்களும் நின்னீங்க.”

*

நின்றாள். ஏழு வாரங்களுக்கு முன்பு, ஒரு புதன்கிழமை காலை.

அந்த இடத்துக்குச் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோருக்கும் ஒரே பெயர், வெடிபிட்டியா; சிங்களத்தில் வெடிவைக்கும் மைதானம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆறு முஸ்லிம் குடும்பங்களின் காணியையும் ஒரு தென்னந்தோட்டத்தின் மூலையையும் எடுத்து இராணுவம் சுடுதளம் அமைத்தது. சரிவின் மேற்பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் அணை கட்டினார்கள். அதன் முன்னால் இலக்குகளை நட்டார்கள். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் வெடி, நண்பகல் லுஹர் பாங்குக்கு முன் ஓய்ந்துவிடும். அணை முப்பது வருடங்கள் குண்டுகளை வாங்கிக்கொண்டே இருந்தது.

இராணுவம் போனதும் திட்டம் வந்தது. மேற்பாதியில் மிளகு, கறுவா, சாதிக்காய் சேகரித்து உலர்த்தும் நிலையம். கீழ்ப்பாதி பழைய சொந்தக்காரர்களுக்கு. முதலில் வெடிபொருள் அகற்றும் அணி வந்து, சிவப்புப் பலகைகளை நட்டு, அடியடியாகத் தேடி, வெடிக்காமல் கிடந்த பதினொரு குண்டுகளை எடுத்து அழித்தது. அடுத்து ஒப்பந்தக்காரர் அணையை வெட்டி, மண்ணைச் சல்லடையில் போட்டு, துவக்குக் குண்டுகளைப் பிரித்து எடுத்துப் போனார். சலித்த மண்ணை மருந்து கலந்து, தடித்த விரிப்புப் போட்ட குழிக்குள் புதைக்க வேண்டும் என்பது அடுத்த படி. விரிப்பு கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. மண் வாசலருகே குவிந்து கிடந்தது.

அந்தப் புதன்கிழமை வெடிபொருள் அணி வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியது. பலகைகள் கிளிநொச்சிப் பக்கம் அடுத்த வேலைக்குத் தேவை. பலகைகளை அகற்ற ஆட்சேபம் இல்லை என்ற படிவத்தில் அணித் தலைவரும் வாகினியும் கையெழுத்திட வேண்டும். மண் பரிசோதனை முடியும்வரை பலகைகள் இருக்கட்டும் என்று அவள் ஒரு வரி எழுதியிருந்தால் இருந்திருக்கும். எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் செய்தது. படிவம் வெடிபொருளைப் பற்றியதுதானே, மண்ணுக்குப் பிறகு வேறு கடிதம் போடலாம் என்றும் தோன்றியது.

கயிற்றுக்கு அப்பால் ஆறு குடும்பங்களும் குடையோடு நின்றன. நூருன்னிஸாவின் அண்ணன் சாலிஹ், தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர், அன்று லொறியை நிறுத்திவிட்டு ஒரு தட்டில் பேரீச்சம்பழம் வைத்துக்கொண்டு நின்றார். நூருன்னிஸா புதுக் கயிறும் வாளியும் கொண்டு வந்திருந்தார். உள்ளே அவருடைய வாப்பா வெட்டிய கிணறு இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அதுதான் வாகினிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவளுடைய அப்பா ஆறுமுகநாதன் வலிகாமம் வடக்கில், இராணுவம் எடுத்த வீட்டைக் கேட்டு, இதே மாதிரிக் கயிற்றுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றவர். ஒவ்வொரு முறையும் சில வீடுகளை விடுவார்கள்; அவருடையது அதற்கு அடுத்த முறை என்பார்கள். பலகை கழன்றபோது அவர் செத்து மூன்று வருடங்கள்.

அவள் ஜீப்பின் மூடியில் வைத்துக் கையெழுத்திட்டாள். பலகைகள் இறங்கின. சாலிஹ் முதலாவது பேரீச்சம்பழத்தை அவளுக்குத்தான் நீட்டினார்.

மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் கால் வைக்கக்கூடாது. பலகை போய்விட்டால் வைக்கலாம். இந்த நாட்டில் படிக்காதவர்களும் கற்றுக்கொண்ட பாடம் இது. ஈயத்துக்கென்று இங்கே யாரும் பலகை செய்து வைத்திருக்கவில்லை.

*

இரத்தப் பரிசோதனை முடிவு பதினொரு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து வந்தது. இரத்தத்தில் ஈயம் நூருன்னிஸாவுக்குப் பதினான்கு. நப்லாவுக்குப் பத்தொன்பது. கர்ப்பிணி ஒருவருக்கு இருக்கக்கூடியதைவிட இது பல மடங்கு என்றார் வைத்தியர். இந்தக் கட்டத்தில் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். இனிமேல் உள்ளே போகாமல் பார்ப்பதுதான் வைத்தியம்.

கிளினிக் வாசலில் மூன்று பேரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். நப்லா நகக்கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள்.

“புள்ளைக்குப் போயிருக்குமா மிஸ்?”

“போயிருக்கும்,” என்றாள் வாகினி. “எவ்வளவெண்டு இப்ப சொல்லேலாது.”

“பொறந்த பொறகு சொல்லலாமா?”

“பிறந்த உடனையும் தெரியாது. வளர வளரப் பாக்க வேணும். கதைக்கிறது, படிக்கிறது...”

“எங்கட குடும்பத்துல யாரு படிச்சாங்க,” என்றாள் நப்லா. சிரிக்க வைப்பதற்காகச் சொன்னாள். தானே சிரிக்க முடியாமல் ஷாலை வாயில் பொத்திக்கொண்டாள். நூருன்னிஸா மகளின் தோளைத் தொடப்போய், பாதியில் கையை எடுத்துவிட்டார். அந்தக் கையை எத்தனையோ முறை கழுவியிருப்பார்.

நாற்றுமேடைக்குத் தார்ப்பாய் போர்த்தப்பட்டது. வெள்ளை உடுப்பும் முகமூடியுமாக ஆட்கள் வந்து பைகளை எண்ணினார்கள். ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் கொடுத்த நாற்று ஓடர் ரத்தானது. இத்தனையையும் வாகினியின் பணிப்பாளர் ஒரே பந்திக்குள் அடக்கி, அறிக்கையின் வரைவை அவள் மேசைக்கு அனுப்பினார். அனுமதியின்றி உட்புகுந்த தனிநபர் ஒருவர் பதப்படுத்தப்படாத மண்ணில் நான்கு சுமைகளை அகற்றியுள்ளார் என்றிருந்தது.

அவள் அவரது அறைக்குப் போனாள். பணிப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் சிங்களத்தில் மெதுவாக விளக்கினார். பலகை தவறாகக் கழற்றப்பட்டது என்று எழுதினால், காணி விடுவிப்புக் கடிதமே செல்லாது. ஆறு குடும்பங்களும் மறுபடி வெளியே. சேகரிப்பு நிலையமும் நின்றுவிடும். கையெழுத்து யாருடையது என்ற விசாரணை பிறகு வரும். ஒரு பெண் தெரியாமல் மண் எடுத்தாள் என்றால், நீதவான் ஒரு சிறிய அபராதம் போடுவார், நாற்றுக்கு நட்டஈடு கிடைக்காது, மற்றதெல்லாம் நடக்கும்.

“யாருக்கு எது நல்லதென்று அந்தப் பெண்ணிடமே கேட்டுப் பாருங்கள்,” என்றார்.

*

கேட்கும் முன்பே அவர்கள் கூப்பிட்டார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாலிஹ் நூருன்னிஸாவின் வீட்டுக்கு வந்திருந்தார். முன்னறையில் தேத்தண்ணியும் மஸ்கத் இனிப்பும் வைத்திருந்தது. வாகினி உட்கார்ந்ததும் சாலிஹ் நேரே விஷயத்துக்கு வந்தார்.

“மிஸ், ரிப்போட் விஷயம் எங்களுக்கும் காதுல விழுந்துச்சு. அதுல கையெழுத்தப் போட்டுடுங்க.”

“நானா, அதில அக்காவைக் கள்ளி எண்டு எழுதியிருக்கு.”

“எழுதட்டுமே,” என்றார் நூருன்னிஸா. வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்; உட்காரவில்லை. “நானே கோட்டுல ஏறி ஓம், களவெடுத்தேன்னு சொல்றேன். நீதவான் ஐயா ஏசுவாரு, நான் தலையக் குனிஞ்சிக்குவேன். அதோட முடிஞ்சுது.”

“இவள நம்பாதீங்க மிஸ்,” என்றார் சாலிஹ். “தலையக் குனியவே மாட்டா. நீதவானோட சண்டைக்குப் போவா.”

“நானா சும்மா இருங்க.” நூருன்னிஸா வாகினியின் பக்கம் திரும்பினார். “மிஸ், கேளுங்க. வாப்பா மௌத்தாகுறதுக்கு முந்தின கெழம கூட அந்தக் கெணத்தப் பத்தித்தான் கதச்சாரு. இருவத்தெட்டு அடில தண்ணி, மாசில கூட வத்தாதுன்னு. நான் உள்ள போய் அந்தக் கெணத்த எறைச்சி ரெண்டு மாசம்தான் ஆகுது. மறுபடியும் பலகையா? முப்பது வருஷம் போச்சு. இன்னும் எத்தன வருஷம்? சொல்லுங்க, எத்தன?”

ஐந்து என்று சொல்லலாம். பத்து என்றும் சொல்லலாம்.

“நாத்து போனா போகட்டும். மகளுக்கு வந்தது வந்துட்டுது. அத நீங்க எழுதினாலும் எடுக்க ஏலாது. காணியாவது இருக்கட்டும் மிஸ். அந்தப் புள்ளைக்காவது இருக்கட்டும்.”

வாகினி கோப்பையைக் கீழே வைத்தாள். வரைவில் கையெழுத்திட அவளுக்கும் ஆசை வந்தது. இரண்டாம் முறையாக, அதே ஆட்களுக்காக, அதே விதமாக. அந்த ஆசை அவளுக்குப் பழக்கமானதாக இருந்ததே அவளைப் பயமுறுத்தியது.

“நானா,” என்றாள். “நீங்கள் எத்தினை லோட் எடுத்தனீங்கள்?”

“நாலு. தங்கச்சி சொன்னாளே.”

“குவியலில அறுபது லோட் இருந்தது. ஒப்பந்தக்காரர் எழுதி வச்ச கணக்கு. நான் நேற்றுப் போய் அளந்து பாத்தனான். முப்பத்தஞ்சுதான் மிச்சம். அக்கான்ர நாலு போக, மற்ற இருபத்தொண்டும் எங்க?”

சாலிஹ் மஸ்கத்துத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை.

“ட்ரக்டர் உங்கடை,” என்றாள்.

“மையவாடிக்கு ரெண்டு,” என்றார் கடைசியில். “எங்கட மையவாடி ஒரே கல்லு மிஸ். ஒரு கபுறுக் குழி வெட்ட ரெண்டு மணித்தியாலம். மூடுறதுக்கு மெதுவான மண் கெடைக்கிறது பெரிய விஷயம். ஜமாஅத்துக்காரங்க கேட்டாங்க, குடுத்தேன். ஊட்டுத் தோட்டங்களுக்குக் கொஞ்சம். பத்துப் பதினஞ்சு ஊடு இருக்கும்.”

“மையவாடி ரெண்டோட சேத்து அது பதினேழெண்டு வச்சாலும் இன்னும் நாலு இருக்கு.”

நூருன்னிஸா அண்ணனைப் பார்த்தார். தங்கைக்கு அது தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“மத்ரஸா முத்தத்துல மழைக்குத் தண்ணி நிக்கும்,” என்றார் சாலிஹ். “புள்ளைகள் செருப்பெல்லாம் சேறு. அதுக்கு... அத நாங்களே அள்ளிடுவோம் மிஸ். சத்தமில்லாம, இந்தக் கெழமைக்குள்ள.”

“அள்ளி எங்க கொட்டுவீங்கள்?”

சாலிஹ் தொப்பியைக் கழற்றி, முழங்காலில் வைத்து, விளிம்பை விரலால் நீவிவிட்டார். எண்பது பிள்ளைகள் ஓதுகிற மத்ரஸா அது. அவரே அதன் பொருளாளர்.

“நாலு லோட் களவு எண்டு எழுதினா, நாலு லோட்டைத்தான் தேடுவினம் நானா. மற்றதை ஒருத்தரும் தேட மாட்டினம். ரத்தோட்டைக்குப் போன ரெண்டாயிரம் கன்றையும்தான்.”

“ஒங்கட வேல போகாதா?” என்று கேட்டார் நூருன்னிஸா.

“போகலாம்.”

“எங்கட காணியும் போகும்.”

“ஓம் அக்கா.”

நூருன்னிஸா வாசல் நிலையை விட்டுக் குசினிக்குள் போனார். வாகினி கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நப்லாதான் கேட் வரை வந்து, குடையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

*

வாகினி இரண்டு பக்கம் எழுதினாள். மண் பரிசோதனை முடியும் முன் பலகைகளை அகற்றச் சம்மதித்தது தான் என்று முதல் வரியிலேயே போட்டாள். அப்பாவைப் பற்றியோ குடைகளைப் பற்றியோ எழுதவில்லை. பணிப்பாளர் படித்துவிட்டு நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மேலே அனுப்பினார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, நல்லது எதுவும் அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. மத்ரஸாவை மூடி முற்றத்து மண்ணை ஓரடி ஆழத்துக்கு அள்ளினார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இரத்தம் எடுத்தார்கள். பத்தொன்பது பேருக்கு அளவு கூடியிருந்தது. ரத்தோட்டைக்குப் போன கன்றுகளில் ஆயிரத்து நானூறு கிடைத்தன. மீதியை நட்டவர்கள், முளைத்து வருகிற கொடியைப் பிடுங்க மாட்டோம் என்றார்கள். மையவாடி மண்ணைத் தொடுவதா வேண்டாமா என்று ஜமாஅத்தில் மூன்று கூட்டம் நடந்தது. புதைத்தவர்களைக் கிளறுவதில்லை என்று முடிவாகி, மேலே கல் பரப்பினார்கள். வாகினிக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை வேலையைத் தொடரலாம். பதவி உயர்வு இல்லை.

காணி விடுவிப்பு ரத்தாகி, மறு அறிவித்தல் வரை என்று கெஸட் பாஷையில் ஒரு தாள் கிராம சேவகரின் கந்தோர்ச் சுவரில் ஒட்டப்பட்டது. நூருன்னிஸாவின் நாற்றுகளுக்கு நட்டஈடு பரிசீலிக்கப்படும் என்று இன்னொரு தாள் வந்தது. ஊரில் சிலர் வாகினிக்கு முகம் கொடுத்துப் பேசினார்கள். பலர் பேசவில்லை. சாலிஹின் லொறி அவளைப் பாதையில் கண்டால் ஹோர்ன் அடிப்பதை விட்டிருந்தது.

எல்லைக்குப் புதுப் பலகை செய்ய அவள் கேட்டிருந்தாள். மஞ்சள் நிறத்தில், மண்ணைத் தொடாதீர்கள் என்று மூன்று மொழியிலும். கிளிநொச்சியிலிருந்து திரும்பி வந்தது பழைய சிவப்புப் பலகைகள்தான். மண்டையோட்டின் பெயின்ட் இன்னும் கொஞ்சம் உரிந்திருந்தது.

“உள்ள மிதிவெடி இல்லன்னு ஊருக்கே தெரியும் மிஸ்,” என்றார் கம்பம் நட வந்தவர்களில் ஒருவர், பொன்னையா. உக்குவெலைக்காரர். “இதப் பாத்து யாரு பயப்படுவா?”

“தெரியும் பொன்னையாண்ணை. வேற பலகை இல்லை.”

எல்லைக் கோட்டைக் கருவி சொல்லும் இடத்தில் போட வேண்டும். பேராதனைக் கருவி மறுபடி ஒரு நாளைக்கு வந்திருந்தது. வாகினி மேல் சரிவிலிருந்து தொடங்கி, பத்தடிக்கு ஒரு தடவை வைத்து அழுத்திக்கொண்டு கீழே இறங்கினாள். இரண்டாயிரம், ஆயிரத்து நூறு, எழுநூறு. கீழே வர வரக் குறைந்தது. ஐநூற்றுப் பத்தில் நிமிர்ந்தபோது கிணறு தெரிந்தது. கிணற்றடியில் நூருன்னிஸா நின்றார்.

யாரும் அவரை வரச் சொல்லவில்லை. வாகினி அவருடைய முகத்தைப் பார்த்து ஒன்றரை மாதமாகிவிட்டது.

“நப்லா எப்பிடி அக்கா?”

“எட்டு மாசம். சத்துக் கொறைவாம். புள்ள அசையுது.” பிறகு கேட்டார்: “கெணறு எந்தப் பக்கம் மிஸ்?”

கிணற்றுத் தண்ணீர் சுத்தம் என்று ஏற்கெனவே பரிசோதித்திருந்தார்கள். பிரச்சினை சுற்றிலுமுள்ள மண். அணை மண்ணை ஏற்றிய ட்ரக்டர்கள் திரும்பியது அந்த வழியாகத்தான். வாகினி குந்தி உட்கார்ந்து, கிணற்றுக் கட்டிலிருந்து மூன்றடி தள்ளி வைத்து அழுத்தினாள்.

முந்நூற்று எண்பத்தெட்டு.

நானூறுக்குக் கீழே. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் முறை. ஒரு சாண் தள்ளி வைத்தாள். நானூற்று முப்பத்தொன்று. மறுபக்கம் வைத்தாள். நானூற்று இரண்டு. திரை தானாகவே சராசரியைக் காட்டியது: 407.

ஏழு. கருவி சாதாரணமாகக் கூட்டியோ குறைத்தோ காட்டுவதே அதைவிட அதிகம். நான்காவது தடவை எடுத்தால் கீழே வரக்கூடும். ஐந்தாவதில் நிச்சயம் வரலாம். முதலாவதைப் போல இன்னொரு எண் கிடைத்தால் போதும். கம்பம் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடும். கிணறு இவர்களோடு நின்றுவிடும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். யாருக்கும் தெரியவும் வராது.

அவள் கருவியைத் தூக்கி இன்னோர் இடத்தைத் தேடினாள்.

நூருன்னிஸா பக்கத்தில் வந்து குனிந்து திரையைப் பார்த்தார். நானூறு என்ற எல்லை இப்போது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“மூணு தடவ எடுத்துட்டீங்கதானே மிஸ்?”

“ஓம். இன்னொண்டு எடுத்துப் பாக்கிறன்.”

“வேணாம்.”

“ஒரு ஏழுதான் அக்கா. கருவிக்கே—”

“போன தடவையும் நீங்க எங்களுக்குப் பாவம் பாத்துத்தான் செஞ்சீங்க,” என்றார் நூருன்னிஸா. குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் வாகினிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். “போதும் மிஸ்.”

அவரே திரும்பிப் பொன்னையாவைக் கூப்பிட்டார். கிணற்றுக்கு இந்தப் பக்கம், பாதையோரமாக ஓர் இடத்தைக் காலால் கோடு போட்டுக் காட்டினார். பொன்னையா வாகினியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அலவாங்கு இறங்கியது. அங்கே மண் இறுகிக் கல்லாகத்தான் இருந்தது. குழி எடுக்க நேரமானது.

கம்பம் ஏறி, பலகையில் இரண்டாவது ஆணி அடிக்கும்போது நூருன்னிஸா கிணற்றடிக்குப் போனார். கப்பியில் கிடந்த நைலோன் கயிறு இன்னும் புதிதாகவே இருந்தது, நீலம் மங்கவில்லை. முடிச்சை அவிழ்க்கச் சற்று நேரம் பிடித்தது. இறுக்கிக் கட்டியிருந்தார். அவிழ்த்து, கயிற்றை முழங்கையில் சுற்றிச் சுற்றி எடுத்து, வாளிக்குள் வைத்தார். வாளியின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைப் பலகைக்கு உட்புறமே தட்டிவிட்டு, பாதைக்கு ஏறினார்.